டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது: தொற்றுக் காலத்துக்குச் சிறுநீரக நோயாளி வீட்டின் ஏற்பாடுகள்

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. சிறுநீரகம் செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை மெஷினால் செய்யும் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தவர்கள் வீட்டில் அன்று எழுந்த முதல் கேள்வி, வெள்ளிக்கிழமை ஷிஃப்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான். நாட்டின் 19 பெரிய மருத்துவமனைகளின் கணக்கைப் பிறகு சேர்த்துப் பார்த்தார்கள். ஊரடங்கின் தொடக்க வாரங்களில் டயாலிசிஸ் நோயாளிகளில் சுமார் 28 விழுக்காட்டினர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்கள். 4 விழுக்காட்டினர் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு பக்கம், அதே ஆண்டின் ஐரோப்பியப் பதிவேடுகளில், கோவிட் தொற்றிய டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 28 நாள்களுக்குள் இறந்திருந்தார்.

இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில்தான் சிறுநீரக நோயாளி நிற்கிறார். மற்றவர்களைப் போல வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாது. மாதம் எட்டு முதல் பன்னிரண்டு தடவை வெளியே போக வேண்டும், பத்துப் பேர் படுத்திருக்கும் ஹாலில் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். ஆகவே கிருமியைத் தவிர்க்கும் ஏற்பாடு, டயாலிசிஸ் விட்டுப்போகாமல் பார்க்கும் ஏற்பாடு இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டிய நாள் வந்தால், டயாலிசிஸை விடாதீர்கள். கிருமி தொற்றினாலும் பிழைக்க வழி உண்டு. டயாலிசிஸ் இல்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோனால் ஆம்புலன்ஸ் வரும்வரை நேரம் இருக்காது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும், தமிழ்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்கு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும், வயிற்று வழி டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து வீட்டிலேயே செய்வது) செய்பவர்களுக்கும், இன்னும் டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்களுக்கும் பின்பகுதியில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதல் வேலை: ஒரு ஃபைல்

வழக்கமான சென்டர் ஒரு நாள் திடீரென மூடப்படும். டெக்னீஷியன் ஒருவருக்குத் தொற்று வந்தாலே போதும், ஹால் முழுவதும் கிருமி நீக்கம், ஊழியர்கள் தனிமை என்று இரண்டு மூன்று நாள் போய்விடும். அப்போது வேறு சென்டரின் வாசலில் போய் நிற்பவரிடம் கேட்கப்படும் காகிதங்கள் கையில் இல்லாவிட்டால் அன்று மெஷின் கிடைக்காது. நெருக்கடி வருவதற்கு முன்பே இவற்றை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, செல்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

1. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனை முடிவு. இது மிகவும் முக்கியம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின் வேண்டும் என்பதால், இந்தச் சீட்டைப் பார்க்காமல் எந்த சென்டரும் புது ஆளை மெஷினில் போடாது. மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். அதில் ஒரு நாள் வீணாகும்.

2. டயாலிசிஸ் குறிப்பு: ட்ரை வெயிட் (தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), வாரம் எத்தனை முறை, எத்தனை மணி நேரம், எந்த டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் சாதனம்), ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, ரத்த ஓட்ட வேகம். சென்டரில் கேட்டால் அரைப் பக்கத்தில் எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள்.

3. கடைசி மூன்று டயாலிசிஸ் ஷீட்டின் நகல். கடைசி ஹீமோகுளோபின், பொட்டாசியம், கிரியேட்டினின் ரிப்போர்ட். பழைய ஈசிஜி ஒன்று.

4. மாத்திரைப் பட்டியல், மில்லிகிராம் கணக்கோடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று நினைக்க வேண்டாம். அவசரத்தில் பெட்டிதான் முதலில் மறந்துபோகும்.

5. ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. இந்தத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் வேறு மருத்துவமனைக்கு மாறினால், அங்கே புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அருகில் எந்தெந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டு, இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. சென்டரின் கடிதம்: இன்னார் வாரத்தில் இன்ன நாள்களில் டயாலிசிஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கையெழுத்தோடு. 2020இல் மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ் கேட்ட மாதங்களில் மருத்துவ அவசரம் ஏற்கப்பட்ட காரணம்தான்; ஆனாலும் சோதனைச் சாவடியில் இந்தக் கடிதம் இருந்தவர்கள் சீக்கிரம் நகர்ந்தார்கள்.

கூடவே இன்னொரு கேள்வியை இப்போதே சென்டரில் கேட்டுவிடுங்கள்: “எங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் எங்கே அனுப்புவீர்கள்?” பதிலில் மருத்துவமனையின் பெயரும், அங்கே கூப்பிட வேண்டிய எண்ணும் இருக்க வேண்டும். “அப்போது பார்த்துக்கலாம்” என்றால் அந்த சென்டரிடம் திட்டம் இல்லை. 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கோவிட் நோயாளிகளின் டயாலிசிஸுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாசிட்டிவ் வந்தவர்களுக்கு எந்த இடம் என்பதை முன்பே முடிவுசெய்து வைப்பது அதன் அடிப்படை. காகிதத்தில் அது இருந்தும், கோவிட் டெஸ்ட் முடிவு வரும்வரை எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ளாமல் ஆம்புலன்ஸில் அலைந்தவர்கள் அந்த ஆண்டு நிறையப் பேர்.

போக்குவரத்தும் மருந்தும்

வண்டிக்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, தெரிந்த ஆட்டோக்காரரோ கார் வைத்திருக்கும் உறவினரோ. இரண்டாவது, அவர் வராத அன்றைக்கு. ஒரே ஊரிலிருந்து ஒரே ஷிஃப்டுக்குப் போகும் இருவர் ஒரு வண்டியைப் பேசிக்கொள்ளலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி போடாமல், மாஸ்க்கோடு. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பிரஷர் குறைந்து தலை சுற்றும் என்பதால், பைக்கின் பின்னால் தனியாக உட்காரவைத்து நீண்ட தூரம் அழைத்து வருவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

மாத்திரைகள் எப்போதும் 30 நாளுக்கு மேல் கையிருப்பில் இருக்கட்டும். பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய்த் திடீரென நிறுத்துவது மோசம். குளோனிடின் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் பிரஷர் தாறுமாறாக ஏறும். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியை வீட்டில் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீஸரில் உறைந்துவிட்டால் பயன்படாது. கதவுப் பக்கமும் வேண்டாம், திறந்து மூடும்போது சூடு ஏறி இறங்கும்.

ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டால்

வாரம் மூன்று முறை செய்பவருக்கு ஒன்று தவறினால் இடைவெளி நான்கைந்து நாள் ஆகும். இரண்டு முறை செய்பவருக்கு அது ஒரு வாரத்தைத் தொடும். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. ஆகவே, “இன்னைக்கு வேண்டாம், அடுத்த ஷிஃப்ட் பார்த்துக்கலாம்” என்று நமக்குச் சொல்வது, மூன்று முறை செய்பவரிடம் சொல்வதைவிட ஆபத்து. தவறிய அன்றே சென்டருக்குப் போன் செய்து, வேறு எந்த நாளில் இடம் கிடைத்தாலும், இரவு பதினொரு மணி ஷிஃப்ட் ஆனாலும், போய்விடுங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

அதுவரை வீட்டில் மூன்றைக் கட்டுப்படுத்த வேண்டும்: நீர், உப்பு, பொட்டாசியம்.

நீர். கணக்கு எளிது: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி. சிறுநீரே போகாதவருக்கு மொத்தமே அரை லிட்டர்தான். காபி, ரசம், மோர், கஞ்சித் தண்ணீர், மாத்திரைக்குக் குடிக்கும் ஒரு வாய்த் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். மனக்கணக்கு எப்போதும் தோற்கும். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவைப் பிடித்து வையுங்கள். எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கோட்டா முடிந்தது. காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பாருங்கள்: ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். 60 கிலோ ட்ரை வெயிட் உள்ளவர் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே சுமார் 2.4 கிலோவுக்குள் நிற்பது நல்லது. மூன்றரை, நான்கு என்று ஏறிப் போனால், அடுத்த தடவை மெஷின் அதை நான்கு மணி நேரத்தில் உறிஞ்சும்போது பிரஷர் விழும், கால் இழுத்துப் பிடிக்கும். மணிக்கு, கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் எடுப்பது இதயத்துக்குக் கெடுதல்; 60 கிலோ ஆளுக்கு அது நான்கு மணி நேரத்தில் 3 லிட்டரைச் சற்றே தாண்டும்.

உப்பு. தாகத்தை உண்டாக்குவது உப்புதான்; அதைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க முயல்வது வீண் போராட்டம். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், பாக்கெட் சூப் அந்த நாள்களில் வேண்டாம். “லோ சோடியம்” என்று விற்கும் உப்பை வாங்கவே வாங்காதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம்.

பொட்டாசியம். உயிரை எடுப்பது பெரும்பாலும் இதுதான். இளநீர், பழச்சாறு, வாழைப்பழம், மாம்பழம், பேரீச்சை, கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, சேனை, வேர்க்கடலை, தேங்காய்ப்பால் எல்லாம் தவறிய நாள்களில் விலக்கு. தொற்றுக் காலத்தில் “உடம்புக்குத் தெம்பு” என்று அக்கம்பக்கத்தார் வாங்கி வருவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். யார் தந்தாலும் வாங்கி வைத்துவிட்டு வீட்டில் மற்றவர்கள் குடியுங்கள். சுரை, புடலை, பீர்க்கை, கோவை, முட்டைக்கோஸ் ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டுங்கள். பிறகு நிறையப் புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிடுங்கள். சாதத்தையும் குக்கரில் வைக்காமல் வடித்துச் செய்யலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு பட்டினி கிடப்பது. சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வரும். சாதம், ரவை, சேமியா, இட்லி என்று வயிறு நிறையச் சாப்பிடட்டும். புரதத்தை மட்டும் வழக்கத்தில் பாதியாகக் குறைக்கலாம், அதுவும் டயாலிசிஸ் கிடைக்கும்வரை மட்டுமே. மலச்சிக்கலும் வேண்டாம்: சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியத்தில் ஒரு பங்கை வெளியேற்றுவது குடல்தான். பொட்டாசியத்தைக் குறைக்கும் 15 கிராம் பொடிப் பாக்கெட்டை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், வீட்டில் ஐந்தாறு வாங்கி வையுங்கள். எத்தனை வேளை என்பதை அவரிடம் போனில் கேட்டே கொடுங்கள், மற்ற மாத்திரைகளிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி. அந்தப் பொடியே மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி, வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாத நேரம்: கால் திடீரெனத் துவண்டு மாடிப்படி ஏற முடியாமல் போவது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்குவது, மார்பு படபடப்பு, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவது, குழப்பமான பேச்சு. இவற்றில் ஒன்று வந்தாலும் 108. மூச்சு வாங்குபவரைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே கொண்டுபோங்கள். டயாலிசிஸ் உள்ள மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தால், வழியிலுள்ள அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பொட்டாசியம் ஏறிய அடையாளம் அதில் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசியும், குளுக்கோஸோடு இன்சுலினும், சால்புடமால் ஆவியும் அங்கேயே தர முடியும். அவை சில மணி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். “ஊசி போட்டாச்சு, சரியாயிடுச்சு” என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பவர்கள் உண்டு. ஐந்து நாள் தாண்டிவிட்டால், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

சென்டருக்குள்

மூன்றடுக்கு மாஸ்க் போதும். என்-95 என்றால் இன்னும் நல்லது, ஆனால் நான்கு மணி நேரமும் மூக்கில் இருக்க வேண்டும். தாடையில் தொங்கும் என்-95ஐவிட மூக்கை மூடிய துணி மாஸ்க்கே மேல். உள்ளே சாப்பிட வேண்டாம்: பக்கத்துக் கட்டில்காரரும் நீங்களும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றுவது அந்த அரை மணி நேரத்தில்தான். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் இரண்டு மிட்டாயைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். துணைக்கு ஒருவர் போதும், அவர் வெளியே இருக்கட்டும். ஊசி குத்துமுன் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது பழைய விதிதான். சானிடைசர் தடவியதால் அதை விட்டுவிட வேண்டாம். அழுக்கும் பிசுக்கும் சானிடைசரால் போகாது.

காய்ச்சலோ இருமலோ இருந்தால் மறைத்துக்கொண்டு போகாதீர்கள். கிளம்புமுன் போன் செய்து சொல்லுங்கள். கடைசி ஷிஃப்டில், ஓரக் கட்டிலில் போட்டு, பிறகு அந்த மெஷினையும் கட்டிலையும் துடைத்துக்கொள்ள அவர்களால் முடியும். மறைத்துப் போய், பின்னால் தெரியவந்தால், அந்த ஷிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும் இடம் போகும்.

காய்ச்சல் வந்தால்: மூன்றில் எது?

புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். டயாலிசிஸ் நோயாளிக்குத் தொற்று எப்போதும் பாடப்புத்தகம் போல வராது. இவர்களின் இயல்பான உடல் வெப்பமே சற்றுக் குறைவு; 99.5 டிகிரி பாரன்ஹீட் என்றாலும் அவருக்கு அது காய்ச்சலாக இருக்கலாம். சில நாள் காலையும் மாலையும் பார்த்து, வழக்கமான அளவை முன்பே எழுதி வைத்தால் ஒப்பிட முடியும். வெறும் வயிற்றுப்போக்கு, படுக்கையை விட்டு எழ முடியாத அசதி, டயாலிசிஸின்போது வழக்கத்துக்கு மாறாகப் பிரஷர் விழுவது, இவை மட்டுமே கோவிடின் அடையாளமாக வந்ததும் உண்டு.

நீர் ஏறிய மூச்சுத்திணறலும் நுரையீரல் தொற்றும் வெளியே ஒன்று போலத் தோன்றும். சிடி ஸ்கேனிலேயேகூட ஒன்றை மற்றொன்றாக நினைக்க இடமுண்டு. எடை ஏறியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறைகிறதா, நீர் எடுத்த பிறகு ஆக்சிஜன் அளவு ஏறியதா என்று பாருங்கள். நான்குக்கும் ஆம் என்றால் நீர்தான் முதல் சந்தேகம். நீர் எடுத்தும் ஆக்சிஜன் 94க்குக் கீழேயே நின்றால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சாதாரணம், ஆகையால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவது, பலர் மறந்துவிடுவது: கழுத்தில் பெர்ம்கேத் டியூப் (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயில் வைத்த குழாய்) உள்ளவர்களின் காய்ச்சல். டயாலிசிஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும் குளிரோடு வந்தால், அது பெரும்பாலும் டியூப் வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமி. தொற்றுக் காலத்தில் எந்தக் காய்ச்சலையும் “முதல்ல கோவிட் டெஸ்ட்” என்று வெளியே நிறுத்துவார்கள். முடிவு வருவதற்குள் இந்த நோயாளிக்கு ரத்தம் முழுவதும் கிருமி பரவிவிடும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: “கோவிட் டெஸ்ட் எடுங்க, அதோட பிளட் கல்ச்சரும் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிடுங்க, டியூப் இருக்கு.” கல்ச்சர் எடுத்த பிறகுதான் மருந்து, முதலில் மருந்து ஏறிவிட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது சிரமம்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை ஃபிஸ்டுலா இல்லாத கை விரலில் மாட்டுங்கள். ஃபிஸ்டுலா ரத்தத்தைத் திருப்பிவிடுவதால் அந்தக் கை விரல்களில் அளவு தவறாகக் காட்டக்கூடும். மருதாணி, நகப்பூச்சு இருந்தாலும் அப்படியே.

வார்டில் சேர்ந்தால் டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கவச உடை போட்ட புது ஊழியர்கள், அரை மணிக்கு ஒரு புது நோயாளி. உங்கள் வரலாறு யாருக்கும் தெரியாது. ஃபிஸ்டுலா கையில் “பிபி, ஊசி வேண்டாம்” என்று பேனாவால் தோலிலேயே எழுதிவிடுங்கள். கோவிடில் ரத்தம் உறையும் தன்மை கூடும், பிரஷரும் விழும். இரண்டும் சேர்ந்தால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். காலை, மாலை அதன் மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று நோயாளியே பார்க்கட்டும். நின்றுவிட்டால் உடனே சொல்ல வேண்டும். ஒரு நாள் கழித்துச் சொன்னால் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க எல்லோருக்கும் போடும் எனாக்ஸாபரின் ஊசி சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. டயாலிசிஸ் நோயாளி உடலில் தேங்கி ரத்தக்கசிவு உண்டாக்கும். அளவைக் குறைக்கவோ சாதாரண ஹெப்பாரினுக்கு மாற்றவோ மருத்துவர் முடிவெடுப்பார், “டயாலிசிஸ் பேஷன்ட்” என்று அவருக்குத் தெரிந்திருந்தால். ஆன்டிபயாடிக் அளவுகளும் அப்படியே. கோவிடுக்குப் போடும் ரெம்டெசிவிர் ஊசியை 2020, 2021இல் சிறுநீரகச் செயல்பாட்டு அளவு (eGFR) 30க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தரத் தயங்கினார்கள். 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டயாலிசிஸில் உள்ளவர்களுக்கும் தரலாம் என்று அனுமதித்தது. ஆகவே பழைய தடையையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு, கோவிடில் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்குத்தான் பயன் தரும். ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போதே வீட்டில் வாங்கி விழுங்கியதும், சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதும் 2021இல் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்ட பெரிய காரணங்கள். ஸ்டீராய்டு எடுத்தவருக்கு முகத்தில் ஒரு பக்கம் வலி, மூக்கில் கருப்பாக வடிதல், இமை வீக்கம், இரட்டையாகத் தெரிதல் வந்தால் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவர்.

மருந்துக் கடையில் நிற்கும்போது

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் மிகுதி. டைக்லோஃபெனாக், இபுப்ரூஃபென், அசிக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் எதுவும் கூடாது. தெருமுனை கிளினிக்கில் போடும் “வலி ஊசி” பெரும்பாலும் டைக்லோஃபெனாக்தான். மிச்சமிருக்கும் கொஞ்சம் சிறுநீரையும் அது நிறுத்திவிடும், வயிற்றில் ரத்தம் கசியவைக்கும்.

எதிர்ப்புச் சக்திக்கென்று வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் சப்பியவர்கள் 2020இல் ஏராளம். அது உடலில் ஆக்சலேட்டாக மாறும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பழுதானவருக்கு அங்கேயே படியும். நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) தரும் சிறிய அளவு வைட்டமின் மாத்திரைக்கு மேல் வேண்டாம். கபசுரக் குடிநீரை அரசே தெருத்தெருவாக வழங்கியது. சிறுநீரக நோயாளிக்கு அதில் இரண்டு கவலை: அது அன்றைய நீர்க்கணக்கில் சேரும், பல மூலிகைகளின் கஷாயம் ஒருவர் எடுக்கும் மாத்திரைகளோடு, முக்கியமாக மாற்றுச் சிறுநீரக மாத்திரைகளோடு, எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்த கணக்கு கிடையாது. நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கலக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அதில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கிறது, ஒரு லிட்டராகக் கலக்குவதால் நீரும் ஏறும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள்

தொற்றுக் காலத்துக்கு மிகவும் ஏற்ற முறை இதுதான். வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. சிக்கல் திரவப் பை வந்து சேர்வதில். நாளுக்கு நான்கு மாற்றம் என்றால் மாதம் 120 பை; 2 லிட்டர் பை 120 என்றால் கால் டன் எடை. இரண்டு வாரத்துக்கான பை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், வெயில் படாத, தரையில் ஈரம் இல்லாத இடத்தில். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு தருவதும் ஒரு பகுதி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கை கழுவுவது தெரிந்ததுதான். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால், வயிறு வலித்தால், “ஊரடங்கு முடியட்டும்” என்று ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. கலங்கிய பையைக் கொட்டாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள்

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்பதால் தொற்றுப் பயத்தில் தானாக நிறுத்தியவர்கள் சிறுநீரகத்தை இழக்க நேரிடும். தொற்று உறுதியானால் அந்த மாத்திரைகளில் மைக்கோஃபினோலேட், அசதியோபிரின் இரண்டையும் மருத்துவர் பெரும்பாலும் குறைப்பார் அல்லது நிறுத்துவார். டாக்ரோலிமஸை ரத்த அளவு பார்த்து மாற்றுவார். ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்துவது கிடையாது. வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு ஏறும். கடையில் வழக்கமான பிராண்ட் இல்லை என்று வேறொன்றைத் தந்தால், ஒரு வாரத்துக்குள் அளவு பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பது காலை மாத்திரைக்கு முன்பு.

கோவிடுக்கு வந்த நிர்மாட்ரெல்விர், ரிடோனாவிர் கூட்டு மாத்திரை இவர்களுக்குப் பெரிய அபாயம். ரிடோனாவிர் டாக்ரோலிமஸின் அளவைப் பல மடங்கு ஏற்றி நஞ்சாக்கிவிடும். பொது மருத்துவர் எழுதினாலும் மாற்றுச் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் முதல் மாத்திரையைப் போடாதீர்கள்.

டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்கள்

2020 மார்ச்சில் “பிரில்”, “சார்ட்டன்” என்று முடியும் பிரஷர் மாத்திரைகள் கொரோனாவைக் கூட்டும் என்றொரு செய்தி பரவி, பலர் நிறுத்தினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் நிறுத்தியதால் எந்த நன்மையும் தெரியவில்லை. ஒரு விதிவிலக்கு: வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பு வற்றியிருக்கும் நாள்களில் இவற்றோடு, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், “கிளிஃப்ளோசின்” வகைச் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவைத்து, ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கியதும் மீண்டும் எடுக்க வேண்டும். நிறுத்தியதை மீண்டும் தொடங்க மறப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. தொற்று வந்து போனவர் மூன்றாம் மாதத்தில் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துவிடட்டும்.

தடுப்பூசி

2021 மார்ச் 1இல் 45 வயதைத் தாண்டிய இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி திறந்தபோது, 20 நோய்கள் கொண்ட பட்டியலில் டயாலிசிஸில் இருப்போரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் இருந்தார்கள். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் தேவைப்பட்டது. அடுத்த தொற்றிலும் இப்படித்தான் வரிசை வரும். ஃபைலில் உள்ள நோய்ச் சான்று அங்கேயும் உதவும். ஃபிஸ்டுலா இல்லாத கையில், டயாலிசிஸ் இல்லாத நாளில் போட்டுக்கொள்வது வசதி. ஹெப்பாரின் ஏறிய அன்று போட்டால் ஊசி இடத்தில் ரத்தம் கட்டும். இவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் மற்றவர்களைவிடக் குறைவு, மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே கூடுதல் தவணையும், வீட்டிலுள்ள எல்லோரும் போட்டுக்கொள்வதும் முக்கியம். ஹெபடைடிஸ் பி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளும் பாக்கி இருந்தால் சேர்த்துக் கேளுங்கள்.

தேறி வந்த பிறகு

பத்து நாள் வார்டில் கிடந்து திரும்பியவருக்குச் சதை கரைந்திருக்கும். தராசு பழைய 60 கிலோவையே காட்டும். ஆனால் அதில் இரண்டு கிலோ சதை போய், அந்த இடத்தில் இரண்டு லிட்டர் நீர் நிற்கலாம். சென்டரில் பழைய ட்ரை வெயிட்டுக்கே நீர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான்காம் நாள் இரவில் மூச்சு வாங்கும். “கோவிட் திரும்பி வந்துடுச்சு” என்று பயந்து மறுபடி டெஸ்டுக்கு ஓடுவார்கள். அதனால், வீடு திரும்பிய பிறகு போகும் முதல் டயாலிசிஸிலேயே ட்ரை வெயிட்டைப் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாதம் வாரா வாரம் கேளுங்கள்: சாப்பாடு பிடித்துச் சதை திரும்ப ஏறும்போது, குறைத்த அதே ட்ரை வெயிட்டைச் சற்று ஏற்றவும் வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மெஷினில் பிரஷர் விழுந்துகொண்டே இருக்கும்.